'தி போஸ்ட்': யாருடைய துணிச்சல் அது?

(தூத்துக்குடியில் இளைஞர்களுக்காக நடந்த ஒரு திரையிடலின் முடிவில் பேசியதன் எழுத்து வடிவம்.)



மின்விசிறி சரியாக ஓடாத இந்த அறையில் இரண்டு மணி நேரம் படம் பார்த்துவிட்டு, பேச்சும் கேட்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கே நன்றி சொல்ல வேண்டும். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் முன்வரிசையில் இருந்த தங்கச்சி ஒருவர், "அண்ணே, படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னமோ ஒட்டல" என்றார். நான் எழுதி வந்த குறிப்பை மடித்து வைத்துவிட்டேன். அந்த 'என்னமோ' என்ன என்பதைப் பற்றியே பேசிவிடலாம்.

முதலில் படத்துக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இந்தப் படப்பிடிப்பை 2017 மே கடைசியில் தொடங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள் திரைக்கே கொண்டுவந்துவிட்டார். டிரம்ப் பதவிக்கு வந்து, பத்திரிகைகளை மக்களின் எதிரிகள் என்று திட்டிக்கொண்டிருந்த நேரம் அது. உடனே ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று எடுத்த படம். ஆனால் அந்த அவசரம் திரையில் எங்கும் தெரியவில்லை. ஒவ்வொரு காட்சியும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மடிப்புக் கலையாமல் இருக்கிறது. லைனோடைப் எந்திரத்தில் உருகிய ஈயம் வரிவரியாக வார்க்கப்படும் இடமும், கீழே ரோட்டரி ஓடத் தொடங்கியதும் மேலே செய்தி அறையில் மேசை அதிரும் இடமும் எனக்கு மயிர்க்கூச்செறிய வைத்தவை. நள்ளிரவில் அச்சகத்தில் நின்று, மை காயாத முதல் பிரதியைக் கையில் வாங்கியவர்களுக்கு அந்த அதிர்வு தெரியும். மெரில் ஸ்ட்ரீப்பைச் சொல்லவே வேண்டாம். இயக்குநர் குழுக் கூட்டத்தில், வீட்டில் மனப்பாடம் செய்துவந்த வார்த்தை தொண்டையிலேயே நிற்க, பக்கத்தில் இருக்கும் ஆண் அதையே எடுத்துச் சொல்கிறார் பாருங்கள், அந்த இடம் நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் புரியும்.

படம் பிந்தி வந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியட்நாம் போரில் அமெரிக்கா எப்படி இறங்கியது, என்னென்ன முடிவு எடுத்தது என்று பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா 1967இல் ஒரு ரகசிய ஆய்வுக்கு உத்தரவிட்டார். 47 தொகுதிகள், ஏறத்தாழ 7,000 பக்கங்கள். ஆட்சி மாறி ஆட்சி மக்களிடம் பொய் சொல்லியே போரை நடத்தியிருக்கிறார்கள் என்பது அதில் இருந்தது. அந்த ஆய்வில் வேலை செய்த டேனியல் எல்ஸ்பெர்க் அதை நகலெடுத்து வெளியே கொண்டுவந்தார். 1971 ஜூன் 13ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் வெளியிடத் தொடங்கியது. ஜூன் 15ஆம் தேதி நீதிமன்றம் தடை போட்டது. ஜூன் 18ஆம் தேதி வாஷிங்டன் போஸ்ட் அந்த இடத்தில் வந்து நின்றது. ஜூன் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் பத்திரிகைகளின் பக்கம் தீர்ப்பளித்தது.

இந்தக் கதையை எடுக்க வந்த படம் எந்தப் பத்திரிகையைத் தேர்ந்தெடுத்தது? முதலில் வெளியிட்டதை அல்ல, இரண்டாவதாக வெளியிட்டதை. 1972இல் இந்த ஆவணங்களுக்காகப் புலிட்சர் பரிசு வாங்கியது டைம்ஸ். அன்று டைம்ஸின் வழக்கறிஞராக இருந்த ஜேம்ஸ் குடேல் இந்தப் படத்தைக் குறை சொன்னதில் வியப்பில்லை. ஸ்பீல்பெர்க் ஏன் போஸ்ட்டை எடுத்தார் என்றால், அங்கேதான் ஒரு முதலாளி அம்மா இருந்தார். கேத்தரின் கிரஹாம். கணவர் இறந்தபின் பத்திரிகை அவர் கைக்கு வந்தது. பங்குகளை அப்போதுதான் சந்தையில் விற்கிறார்கள். வழக்கு வந்தால் வங்கிக்காரர்கள் பின்வாங்கலாம், பத்திரிகையே போய்விடலாம். அவர் தொலைபேசியில் 'போடுங்கள்' என்று சொல்லும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மொத்தப் படமும் கட்டப்பட்டிருக்கிறது.

நம் ஊர்க் கதை ஒன்றைச் சொன்னால் நான் சொல்ல வருவது விளங்கும். தூத்துக்குடியில் முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961இல். உங்களில் யாரும் பார்த்திருக்க முடியாது. ஆனால் சங்கு குளிக்கப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். காலில் கல், கையில் கயிறு, நெஞ்சில் ஒரு மூச்சு. இவ்வளவுதான் அந்தக் காலத்து முதலீடு. மேலே கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்பார்கள், அக்காள் தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்று. வெள்ளைக்காரன் காலத்தில் அள்ளிவந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு; மிச்சம் சர்க்காருக்கு. சர்க்கார் அதை ஏலம் விடும். ஏலம் எடுக்கும் வியாபாரி, உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலேதான் பணம் கட்டுவார். அவருக்கும் பயம் உண்டு, அவருக்கும் தூக்கம் இல்லாத இரவு உண்டு. மறுக்கவில்லை. ஆனால் சலாபத்தைப் பற்றி ஒரு படம் எடுத்து, அந்த வியாபாரி இரவு முழுக்க வராந்தாவில் நடப்பதையே காட்டி, குளித்தவனைத் தொடக்கத்தில் பத்து நிமிடம் காட்டிவிட்டு விட்டால் எப்படி இருக்கும்?

எல்ஸ்பெர்க்தான் இந்தக் கதையில் குளித்தவர். 1969இல் இரவு இரவாக ஒரு விளம்பர நிறுவனத்தின் நகல் எந்திரத்தில் பக்கம் பக்கமாக எடுத்தார். நண்பர் அந்தோணி ருஸ்ஸோ கூட நின்றார். பதின்மூன்று வயது மகன்கூட உதவி செய்தான். எல்ஸ்பெர்க் மீது போட்ட வழக்குகள் எல்லாம் நிரூபணமாகியிருந்தால் 115 ஆண்டு சிறை. சாட்சி சொல்ல மறுத்ததற்காக ருஸ்ஸோ 47 நாள் சிறையில் இருந்தார். அரசாங்கமே திருட்டு வேலை பார்த்தது வெளிப்பட்டதால் 1973 மே மாதம் வழக்கு தள்ளுபடியானது. படத்தில் எல்ஸ்பெர்க் சில காட்சிகளில் வந்து போகிறார். ருஸ்ஸோவின் பெயர் உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? குண்டு விழுந்தது யார் தலையில்? அந்த வியட்நாமியர்களில் ஒருவர்கூட நம் நினைவில் நிற்கும்படி வாய் திறப்பதில்லை.

இதுவும் நமக்குப் புதிதல்ல. 1908இல் இந்த ஊரில் கோரல் மில் வேலைநிறுத்தம் நடந்து, வ.உ.சி. கைதாகி, திருநெல்வேலியில் மக்கள் எழுந்து, துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்போது பாரதியார் சென்னையில் 'இந்தியா' பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தார். அரசாங்கம் பத்திரிகை மீது பாய்ந்தபோது ஜெயிலுக்குப் போனது யார் தெரியுமா? ஆசிரியர் என்று சர்க்கார் பதிவேட்டில் பெயர் இருந்த மு. சீனிவாசன் என்பவர். பாரதியார் புதுச்சேரிக்குப் போய்விட்டார். பாரதியாரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, அவர் போனதால்தான் பிறகு அவ்வளவும் எழுதினார். ஆனால் சீனிவாசன் பெயரில் ஒரு தெரு இருக்கிறதா, சிலை இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். எழுதியவருக்கு ஒரு கணக்கு, விலை கொடுத்தவருக்கு வேறு கணக்கு என்பது பத்திரிகை வரலாற்றில் எப்போதும் உண்டு.

சரி, முதலாளியின் கதையையே சொல்லட்டும். அதையாவது முழுசாகச் சொல்ல வேண்டாமா?

உச்ச நீதிமன்றப் படிக்கட்டுக் காட்சி நினைவிருக்கும். கிரஹாம் இறங்கி வருகிறார். இரண்டு பக்கமும் இளம்பெண்கள் நின்று அவரை அண்ணாந்து பார்க்கிறார்கள். இசை வேறு உருக்குகிறது. எனக்கு அந்த இடத்தில்தான் சிரிப்பு வந்தது. அதற்கு ஓராண்டுக்கு முன்பு, 1970 மார்ச் மாதம், 'நியூஸ்வீக்' இதழில் வேலை செய்த 46 பெண்கள் தங்களை நிருபர்களாக விடாமல் ஆராய்ச்சி உதவியாளர்களாகவே வைத்திருக்கிறார்கள் என்று அரசு ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். நியூஸ்வீக்கின் முதலாளி யார்? இதே கிரஹாமின் நிறுவனம். படிக்கட்டில் நிற்கும் அந்த முகங்களில் ஒன்றை இந்தப் பெண்களில் ஒருவராகக் காட்டியிருந்தால் போதும், படம் வேறு படமாகியிருக்கும்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 1972 மார்ச் மாதம் வாஷிங்டன் போஸ்ட்டின் நகரச் செய்திப் பிரிவில் வேலை செய்த ஏழு கறுப்பினப் பத்திரிகையாளர்கள், வேலை தருவதிலும் பொறுப்பு தருவதிலும் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று சொந்த நிறுவனத்தின் மீதே அதே ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். 'மெட்ரோ செவன்' என்று அவர்களை அழைக்கிறார்கள். வாஷிங்டன் நகரத்தில் அப்போது பத்தில் ஏழு பேர் கறுப்பர்கள். அந்த ஊர்ப் பத்திரிகையின் செய்தி அறை பெரும்பாலும் வெள்ளை. வெள்ளை மாளிகையை எதிர்த்து நிற்கும் துணிச்சல் இருந்த அதே அலுவலகத்துக்கு, தன் ஊர்க்காரனைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைக்க மனம் வரவில்லை.

'படம் 1971ஆம் ஆண்டைப் பற்றியது, 1972இல் நடந்ததை அதில் எப்படிக் காட்டுவது' என்று ஒரு தோழர் இடைவேளையில் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் படத்தின் கடைசிக் காட்சி என்ன? வாட்டர்கேட் கட்டடத்தில் டார்ச் அடித்துக்கொண்டு காவலாளி நடக்கிறார். அது 1972 ஜூன். அடுத்த வெற்றிக்குக் கட்டியம் கூற ஓராண்டு தாண்டிக் குதிக்கத் தெரிந்த படம், வழியில் மார்ச் மாதத்தில் கிடந்த இந்த ஏழு பேரைத் தாண்டித்தானே குதித்தது.

அச்சகத்தை அவ்வளவு காதலோடு காட்டுகிறார்கள் என்றேன் அல்லவா, அதன் பின்கதையும் உண்டு. 1975 அக்டோபரில் அந்த அச்சகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். எந்திரங்கள் உடைக்கப்பட்டன. கிரஹாம் மாற்று ஆட்களை வைத்து அந்தச் சங்கத்தையே இல்லாமல் ஆக்கினார். இதில் நாம் ஒரு பக்கமாகக் கைதட்டிவிட முடியாது. அந்தச் சங்கமும் ஏறக்குறைய முழுக்க வெள்ளையர் சங்கம்தான். தொழிலாளி என்றதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். நம் ஊர்ச் சங்கங்களிலும் நாற்காலி யாருக்கு, பாய் யாருக்கு என்று நாம் பார்த்திருக்கிறோம்.

இதே வாஷிங்டன் போஸ்ட் நம் கதைக்குள்ளும் வருகிறது. 1996இல் அந்தப் பத்திரிகையின் டெல்லி நிருபராக இருந்தவர் கென்னத் கூப்பர். அவர் ஒரு கறுப்பின அமெரிக்கர். ஒரு செய்திக்காக அவருக்கு ஒரு தலித் பத்திரிகையாளரின் கருத்து தேவைப்பட்டது. மூத்த பத்திரிகையாளர் பி.என். உனியாலிடம் கேட்டார், யாராவது ஒருவரைச் சொல்லுங்கள் என்று. உனியால் தேடினார். முப்பது ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தும் தான் ஒரு தலித் பத்திரிகையாளரைக்கூடச் சந்தித்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற 686 பேரின் பட்டியலை எடுத்துப் பார்த்தார். சாதிப் பின்னொட்டோடு இருந்தவர்கள் 454 பேர், அதில் 240 பேர் பிராமணர்கள். மிச்சமுள்ளவர்களில் 47 பேரைப் பற்றி விசாரித்தார். ஒரு தலித்கூட இல்லை. 1996 நவம்பர் 16ஆம் தேதி 'பயனியர்' நாளிதழில் இதை எழுதினார்.

கூப்பர் அந்த நாற்காலிக்கு வந்ததற்கு 1972இன் அந்த ஏழு பேர்தான் காரணம் என்று நேர்க்கோடு போட முடியாது. ஆனால் ஒன்று சொல்லலாம். டெல்லியில் அத்தனை வெளிநாட்டு நிருபர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு கறுப்பர் வந்துதான் 'உங்கள் தலித் எங்கே' என்று கேட்டார். அவருக்குத்தான் அது கண்ணில் பட்டது. செய்தி அறையில் யார் இருக்கிறார்கள் என்பது வேலைவாய்ப்புப் பிரச்சினை மட்டுமல்ல. எது செய்தியாகத் தெரியும், எது தெரியாது என்பதும் அதில் இருக்கிறது.

அதற்குப் பின் மாறிவிட்டதா? 2006இல் அனில் சமாடியா, ஜிதேந்திர குமார், யோகேந்திர யாதவ் மூவரும் டெல்லி ஊடகங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். ஒரு தலித், ஒரு பழங்குடி கிடையாது. 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து செய்த ஆய்வில் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 இடத்தில் உயர்சாதியினர். தலித், பழங்குடி ஒருவரும் இல்லை. வேறு வேறு கணக்கெடுப்புகள்தான், ஆனால் எங்களுக்கான கட்டத்தில் மட்டும் அதே பூஜ்ஜியம்.

பத்திரிகை நடத்த நம்மிடம் ஆள் இல்லாமல் போனதா? இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19ஆம் தேதி 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1920 ஜனவரி 31ஆம் தேதி அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது 'கேசரி'. நம் வ.உ.சி. தலைவராக ஏற்றுக்கொண்ட திலகர் நிறுவிய அதே கேசரி. இந்த மூன்றில் எதைப் பற்றியும் யாராவது இப்படிச் செலவழித்து ஒரு படம் எடுப்பார்களா என்று கேட்க ஆசைதான். இஸ்திரி போடாத சட்டையாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். உங்களில் சிலருக்குத் தெரியும், நான் ஏழு ஆண்டு ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராக இருந்தேன். எந்த நாளிதழ் என்பது முக்கியமில்லை, எங்கே இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். சம்பளம் என்று ஒன்று கிடையாது. அச்சில் வந்த செய்தியின் நீளத்தை அளந்து காசு. பொங்கல், தீபாவளிக்கு விளம்பரம் பிடித்துத் தர வேண்டும். என் அப்பா உப்பளத்தில் உப்பு வாரினவர். மகன் பேப்பரில் எழுதுகிறான் என்று டீக்கடையில் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் எங்கள் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பையனை வெட்டிவிட்டார்கள். செருப்புப் போட்டுக்கொண்டு பைக்கில் அந்தத் தெரு வழியாகப் போனான் என்பது காரணம். பையன் பிழைத்துக்கொண்டான். நான் தெருப் பெயர், காரணம், யார் வெட்டினார்கள், எந்தச் சாதி என்று எல்லாம் எழுதி அனுப்பினேன். மறுநாள் மூன்று வரி வந்தது. 'முன்விரோதம் காரணமாக வாலிபருக்கு அரிவாள் வெட்டு.' அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் கோபப்படவில்லை, தன்மையாகத்தான் பேசினார். "சாதிப் பேரெல்லாம் போட்டா பதட்டம் ஆயிரும் தம்பி. நமக்கு எதுக்கு?" என்றார். அப்பா சாயந்திரம் பேப்பரை என் முன்னால் வைத்து, "ஏலே, அவனுக்கும் அவனுகளுக்கும் முன்னால என்னல விரோதம்? மூஞ்சியே பாத்ததில்லயே" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அந்த மூன்று வரிக்கான காசை மட்டும் நான் போய் வாங்கவில்லை. பெரிய வீரம் ஒன்றுமில்லை, சொற்பக் காசுதான்.

'முன்விரோதம்', 'இரு தரப்பினரிடையே மோதல்', 'கோஷ்டித் தகராறு'. தமிழ்ப் பத்திரிகைகள் கண்டுபிடித்த இந்தச் சொற்களை வைத்து ஒரு அகராதியே போடலாம். இவை பொய் என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாது. அதுதான் அதன் அழகு. நிக்சன் மாதிரி ஒருவர் தடை உத்தரவு வாங்க வேண்டிய தேவையே இங்கே இல்லை. தடை ராத்திரி பதினோரு மணிக்கு, செய்தி அறையில், தன்மையான குரலில் போடப்பட்டுவிடுகிறது. ஸ்பீல்பெர்க் படத்தில் வரும் ஆபத்தெல்லாம் வெளியிலிருந்தே வருகிறது. வெள்ளை மாளிகை, நீதிமன்றம், வங்கிக்காரன். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் அடிப்படையில் நல்லவர்கள். கொஞ்சம் தயங்குகிறார்கள், அவ்வளவுதான். 2015இல் வந்த 'ஸ்பாட்லைட்' படத்தை இங்கே போட்டபோது நீங்கள் எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். பனிமய மாதா கோயில் இருக்கும் ஊரில் அந்தப் படத்தைப் போடலாமா என்று யோசித்தே போட்டோம். அதில் பாதிரியார்களின் குற்றத்தைக் கண்டுபிடிக்கும் பத்திரிகைக்காரர், பல ஆண்டுக்கு முன்பே அந்தத் துப்பு தன் கைக்கு வந்து, தானே அதை உள் பக்கத்தில் புதைத்ததைக் கடைசியில் ஒப்புக்கொள்கிறார். அந்த ஒரு காட்சி அதை எங்கோ கொண்டுபோய்விட்டது. 'தி போஸ்ட்' எழுதிய இருவரில் ஒருவர், ஜோஷ் சிங்கர், அதையும் எழுதியவர்தான். ஆனால் இங்கே அப்படி ஒரு ஒப்புதல் இல்லை. மெக்நமாராவோடு விருந்து சாப்பிட்ட நட்பை லேசாகத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இந்தப் படம் இந்தியாவுக்கு 2018 ஜனவரியில் வந்தது. நான்கு மாதம் கழித்து மே 22. ஸ்டெர்லைட்டை மூடச் சொல்லி நடந்த போராட்டத்தின் நூறாவது நாள். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சிலர் அந்த ஊர்வலத்தில் பள்ளிப் பிள்ளைகளாக நடந்தவர்கள். பதின்மூன்று பேரைச் சுட்டுக் கொன்றார்கள். நான் அப்போது நிருபர் வேலையை விட்டுத் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சிக்குப் போய் இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை முடக்கினார்கள். அந்த நாட்களில் பேப்பர் வந்தால்தான் செய்தி. நானும் அப்பா மாதிரி டீக்கடையில் காத்துக்கிடந்தேன். 'துப்பாக்கிச் சூட்டில் பலி' என்று தலைப்பு. சுட்டது யார் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. துப்பாக்கி தானாகச் சுட்டதுபோல. 'பலி' என்ற சொல்லையும் பாருங்கள், ஏதோ கோயில் கொடையில் நடந்ததுபோல.

ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் ஆணையம் போட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 2022 மே மாதம் இறுதி அறிக்கை முதலமைச்சர் ஸ்டாலின் கையில் கொடுக்கப்பட்டது. பிறகு சத்தமில்லை. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்டில், 'ஃபிரண்ட்லைன்' இதழில் இளங்கோவன் ராஜசேகரன் அந்த அறிக்கையில் உள்ளதை வெளியிட்டார். கலைந்து ஓடிக்கொண்டிருந்தவர்களை, சுட வேண்டிய அவசியம் எதுவும் இல்லாமலேயே போலீஸ் சுட்டது என்று ஆணையம் சொல்லியிருந்தது. 17 போலீஸ்காரர்கள் மீதும் அன்றைய மாவட்ட ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்திருந்தது. அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, சம்பவத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார் அல்லவா, அது உண்மையல்ல, அதிகாரிகள் அவருக்கு உடனுக்குடன் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றும் அதில் இருந்தது. அக்டோபர் 18ஆம் தேதிதான் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது.

நமக்குக் கிடைத்த பென்டகன் ஆவணம் அது. இங்கே சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம், ஆனாலும் சொல்கிறேன். சுட்டபோது இருந்த ஆட்சி வேறு. அறிக்கையை ஐந்து மாதம் பெட்டிக்குள் வைத்திருந்த ஆட்சி வேறு. இரண்டையும் சேர்த்துக் கேட்காமல் விட்டால் நாம் கட்சிப் பத்திரிகையில் எழுதப் போய்விடலாம். கர்ணன் படத்தில் கதை நடக்கும் ஆண்டு 1997 என்று போட்டதற்கு எவ்வளவு பெரிய பேச்சு எழுந்தது என்று நினைவிருக்கும். கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தது 1995இல், எந்த ஆட்சியில் என்பதுதான் பிரச்சினை. கடைசியில் '1990களின் பிற்பகுதி' என்று மாற்றினார்கள். நம் மாவட்டத்தைப் பற்றிய படத்தில் ஒரு தேதிக்குக்கூட இவ்வளவு சூடு இருக்கிறது. 'தி போஸ்ட்' படத்தில் எல்லாத் தேதியும் சரியாக இருக்கிறது, யாருக்கும் சுடவில்லை. நிக்சன் 1994இல் இறந்துவிட்டார். செத்த பாம்பைப் பளபளப்பாக அடித்திருக்கிறார்கள்.

நாளைக்கு நம் ஊர்க் கதையையும் யாராவது பெரிய செலவில் எடுப்பார்கள். எடுக்கத்தான் போகிறார்கள். அப்போது ஆகஸ்ட் 2022 எப்படித் திரையில் வரும்? மவுண்ட் ரோட்டில் ஒரு அலுவலகம், மழை, ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு 'போடுங்கள்' என்கிறார், இசை எழுகிறது. கைதட்டுவோம். வெளியிட்டவர்களின் துணிவை நான் குறைக்கவில்லை, அந்த இதழ் வந்த நாளில் நானே நாலு பிரதி வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அறிக்கைக்குள் இருந்த உண்மை எங்கிருந்து வந்தது? காலில் குண்டு வாங்கி, ஊன்றுகோலோடு ஆணையத்தின் முன் வந்து நின்று சொன்னவர்களிடமிருந்து வந்தது. வழக்குப் போடுவோம் என்று மிரட்டிய பிறகும் வந்து சொன்னவர்கள் அவர்கள். திரேஸ்புரத்து மீன்காரப் பெண்கள், உப்பளத்துக்காரர்கள், லோடு ஏற்றுகிறவர்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கியது அவர்கள்தான். அந்தப் படம் வரும்போது அவர்களுக்குப் பத்து நிமிடம் கிடைக்குமா, இரண்டு மணி நேரம் கிடைக்குமா என்பதை இப்போதே கேட்டு வைப்போம். கதை எழுதும் அறையில் நம் ஆள் யார் இருக்கிறார் என்பதையும் சேர்த்து.

'தி போஸ்ட்' படத்துக்கு மார்க் போடச் சொன்னால் நூற்றுக்கு ஐம்பத்தைந்து போடுவேன். ஐம்பது மெரில் ஸ்ட்ரீப்புக்கும் அந்த அச்சகத்துக்கும். மிச்சம் ஐந்து, காகிதப் பெட்டிக்கு விமானத்தில் தனி இருக்கை வாங்கி பெல்ட் போட்டு உட்காரவைத்திருக்கும் அந்த நிருபருக்கு. எனக்கு ஒரு செய்திக்குப் போக பஸ் காசு கேட்டாலே தர மாட்டார்கள், அதனால் அந்தக் காட்சி மனசில் நின்றுவிட்டது.

ஆணைய அறிக்கையின் ஒரு நகலைக் கொண்டு வந்திருக்கிறேன், மேசையில் இருக்கிறது. திரும்பக் கொடுத்துவிடுங்கள், அட்டை ஏற்கெனவே கிழிந்துவிட்டது. பின்னால் அந்தத் தம்பி கையைத் தூக்கி ரொம்ப நேரமாகிறது. கேளுங்க தம்பி.